கடையை யார் பார்ப்பது?

சென்ற நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, எங்கள் புடைவைக் கடையில் சேலைப் பகுதியில் நிற்கும் பிள்ளை காசு மேசைக்கு வந்து அரை நாள் லீவு கேட்டது. கையில் ஒரு சின்னத் துண்டு. கடையில் கால் வைக்க இடமில்லாத நேரம்.

"என்ன வருத்தம்?" என்று கேட்டேன்.

"வருத்தம் ஒண்டுமில்லை முதலாளி. எனக்கு முப்பத்தஞ்சு வயதாச்சு. ஒருக்கா வந்து செக் பண்ணச் சொல்லி மிட்வைப் மிஸ் துண்டு தந்தவ. புதன்கிழமைதான் கிளினிக்."

வருத்தம் இல்லாத ஆளுக்கு எதற்குக் கிளினிக்? "பெருநாள் முடியட்டும் பிள்ளை, பிறகு போகலாம்" என்று சொன்னேன். அந்தப் பிள்ளை மறுபேச்சில்லாமல் துண்டை மடித்துக்கொண்டு போய்ச் சேலை மடிக்கத் தொடங்கிவிட்டது. நானும் பில் போடத் திரும்பினேன். இரண்டு பில் போட்டிருப்பேன். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. 'பெருநாள் முடியட்டும்' என்ற அதே வார்த்தையை 2012ஆம் ஆண்டு இன்னொருவருக்கும் சொல்லியிருக்கிறேன். அவர் என் லாத்தா.

இந்தப் பக்கத்தில் வழமையாக டொலர் விலை, வற் வரி, திரும்பி வரும் செக், கடன் கொப்பி என்றுதான் எழுதி வருகிறேன். பெண்களின் சுகம் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நான் ஒஸ்மானியாவில் படித்ததோடு சரி, டொக்டர் அல்ல. ஆனால் இது முக்கால்வாசி கணக்கு விஷயம், கால்வாசிதான் வைத்தியம். கணக்கு எனக்குத் தெரியும். அதில் நான் பிழை விட்டும் இருக்கிறேன்.

லாத்தாவின் கதையை 1990இலிருந்து சொல்ல வேண்டும். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னபோது லாத்தா ஏழு மாதக் கர்ப்பிணி. சோனகத் தெருவிலிருந்து புத்தளம் வரை நாங்கள் போய்ச் சேர்ந்த விதத்தை இங்கே விரிக்கவில்லை. அதைச் சொல்லத் தொடங்கினால் பக்கம் போதாது. புத்தளத்தில் தென்னந்தோட்டத்துக்குள் கிடுகுக் கொட்டில். தண்ணீர் இல்லை, மலசலகூடம் இல்லை. ஆனால் மூன்றாவது கிழமை ஒரு பெண் சைக்கிளில் வந்தார். பகுதிக்குரிய மிட்வைப், சிங்களப் பெண்மணி. கொட்டில் கொட்டிலாகக் குனிந்து பார்த்து, "பிள்ளை வயிற்றில் இருக்கிற ஆட்கள் யார்?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டு எழுதிக்கொண்டு போனார். லாத்தாவுக்குப் புதிதாகக் கர்ப்பிணி அட்டை போட்டார். யாழ்ப்பாணத்தில் போட்ட அட்டை ஓடி வந்த அவசரத்தில் வீட்டிலேயே கிடந்துவிட்டது. பிரஷர் பார்த்தார், இரும்புச்சத்துக் குளிசை தந்தார், ஊசிக்குத் திகதி சொன்னார். அடுத்த வருடம் தை மாதம் லாத்தாவுக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. ஒரு சதம் செலவில்லை. எங்களிடம் செலவழிக்க ஒரு சதம் இருக்கவும் இல்லை.

ஒரு சமூகத்தை ஒரே நாளில் தெருவுக்குத் தள்ளிய காலத்திலும் அறுந்துபோகாத ஒரு சங்கிலி இந்த நாட்டில் இருந்தது என்பதை நான் அன்று கண்ணால் கண்டேன். அது ஒரு நாளில் வந்ததல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். நோயாளி வரும்வரை ஆஸ்பத்திரியில் காத்திருப்பதை விட்டு, ஒரு குறிப்பிட்ட பகுதியின் சனத்துக்கு ஓர் அதிகாரி பொறுப்பு என்று வைத்தார்கள். அவருக்குக் கீழே வீடு வீடாகப் போகும் மிட்வைப்மார். இன்று நாங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை என்று சொல்வதெல்லாம் அதன் பிள்ளைகள்தான். மூவாயிரம் முதல் ஐயாயிரம் பேருக்கு ஒரு மிட்வைப் என்று கணக்கு. 1930களில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. இன்று அந்தத் தொகை 30 அளவில் நிற்கிறது. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை எடுத்தார்கள். 1980களிலிருந்து ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தார், எந்த இடத்தில் தாமதம் ஏற்பட்டது என்று விசாரித்து எழுதும் முறையும் வந்தது. எங்கள் கடைகளில் இருப்பெடுக்கும்போது ஒரு ரோல் துணி குறைந்தால் நாங்கள் எப்படித் துருவுவோமோ அப்படி.

யாழ்ப்பாணத்தில் இதற்கு முன்கதையும் உண்டு. மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தமிழில் வைத்தியம் படிப்பித்தார். பிரசவ வைத்தியத்தையும் தமிழில் கொண்டுவந்தார். 1898இல் இணுவிலில் அமெரிக்க மிஷனால் பெண்களுக்கென்றே மக்லியொட் ஆஸ்பத்திரி உருவானது. ஆண் டொக்டரிடம் காட்டப் பெண்கள் கூசுவார்கள் என்பதை அந்தக் காலத்திலேயே விளங்கி, பெண் டொக்டர்மாரை வைத்துத்தான் அதை நடத்தினார்கள். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

இனி, எங்கள் வர்த்தகர்கள் தேநீர்க் கடையில் அடிக்கடி சொல்லும் ஒரு கதைக்கு வருகிறேன். "இலவசம் இலவசமென்று கொடுத்துத்தான் நாடு குட்டிச்சுவரானது. ஐம்பது ரூபாவோ நூறு ரூபாவோ வாங்கினால் ஆஸ்பத்திரி உருப்படும். சனமும் வீணாக வந்து குவியாது" என்பார்கள். 2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லாமல் துண்டைத் தந்து வெளியே வாங்கச் சொன்ன பிறகு இந்தப் பேச்சு கூடிவிட்டது. வியாபாரிக்கு இது நியாயமாகத்தான் தெரியும். இனாமாகக் கொடுக்கும் சரக்குக்கு மதிப்பில்லை என்பது எங்கள் அனுபவம்.

ஆனால் இதை இந்த நாடு ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 1971இல் வெளிநோயாளர் பிரிவுக்கு 25 சதம் வைத்தார்கள். இருபத்தைந்து சதம்தான். வருகிறவர்களின் தொகை சட்டென்று விழுந்தது. 1977இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆபிரிக்காவில் இதைவிடப் பெரிதாகச் செய்தார்கள். கானாவில் 1985இல் கட்டணங்களை உயர்த்தினார்கள். அந்த முறைக்கு அங்கத்தைச் சனம் வைத்த பெயர் 'காஷ் அண்ட் கெரி'. காசைக் கொடு, சரக்கை எடு. எங்கள் கடைகளில் எழுதி ஒட்ட வேண்டிய வாசகம் பிரசவ வார்டுக்குப் போய்விட்டது. 1987இல் உலக வங்கியும் வளரும் நாடுகள் ஆஸ்பத்திரிக் கட்டணம் அறவிட வேண்டும் என்று புத்தகம் போட்டுச் சொன்னது. பிறகு என்ன நடந்தது? 2001இல் உகண்டா அரசாங்க வைத்திய நிலையங்களில் கட்டணத்தை எடுத்தது. அதுவரை வீட்டிலேயே கிடந்த ஏழைகள் வந்து குவிந்தார்கள். கானாவும் 2008இல் கர்ப்பிணிகளுக்கு இலவசம் என்று திருப்பியது. அதே உலக வங்கி 2003இல் இலங்கையையும் மலேசியாவையும் எடுத்து, குறைந்த செலவில் தாய்மாரைக் காப்பாற்றியது எப்படி என்று பாராட்டி ஒரு புத்தகம் வெளியிட்டது. ஒரே கடைக்காரர் இரண்டு விலைப்பட்டியல் வைத்திருப்பதுபோல.

கட்டணம் வைத்தால் முதலில் வராமல் நிற்பவர் யார் என்று யோசியுங்கள். வீட்டில் காசு குறைவென்றால் முதலில் பிள்ளைக்குக் காட்டுவோம், பிறகு உழைக்கிற ஆணுக்குக் காட்டுவோம். உம்மாவும் மனைவியும் "எனக்கு ஒண்டுமில்லை, தன்பாட்டில மாறும்" என்று சொல்லிவிடுவார்கள். நாங்களும் அதை நம்பிவிடுவோம். நம்புவது வசதியாக இருப்பதால் நம்புவோம். கட்டணம் என்று பொதுவாகச் சொன்னாலும் அது பெண்ணின் தலையில்தான் முதலில் விழும். அதனால் இலவசத்தில் கை வைப்பதை நான் ஏற்கவில்லை. மருந்து இல்லையென்றால் மருந்தைக் கொண்டுவர வழி பார்க்க வேண்டும். வாசலில் உண்டியல் வைத்து மருந்து வராது. உகண்டாவிலும் கட்டணத்தை எடுத்தபோது மருந்து போதாமல்போனதுதான். அதற்காகப் பழையபடி கட்டணத்தை வைக்கவில்லை.

அப்படியென்றால் எங்கள் முறையில் குறையே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. லாத்தாவின் மீதிக் கதைதான் அந்தக் குறை.

கடைசிப் பெண் பிள்ளை 1998இல் பிறந்தது. அது பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் மிட்வைப் லாத்தாவின் வாசலுக்கு வருவதை நிறுத்தினார். அவரில் பிழை இல்லை. அவருடைய பதிவேட்டில் கர்ப்பிணி, பிரசவித்த தாய், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை என்றுதான் வேலை நிறைந்து கிடக்கும். லாத்தா இனிப் பிள்ளை பெறப் போவதில்லை. கணக்கு முடிந்த ஆள். 1996இலேயே இந்த நாட்டில் சுகவனிதையர் கிளினிக் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். முப்பத்தைந்து வயது தாண்டிய பெண்களுக்குப் பிரஷர், சீனி, மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்து எல்லாவற்றையும் இலவசமாகப் பார்க்கும் இடம். லாத்தாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மூத்த மகள் கர்ப்பமானபோது வந்த மிட்வைப், "உம்மா, நீங்களும் ஒரு நாள் வாங்கோ" என்று துண்டு கொடுத்திருக்கிறார். லாத்தா வீட்டு முன்பக்கத்தில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மச்சான் லொறியில் போய்விடுவார். "கடையை யார் பார்க்கிறது?" என்று சொல்லித் துண்டை லாச்சிக்குள் போட்டாராம். லாத்தா மௌத்தான பிறகு அந்தத் துண்டு அதே லாச்சிக்குள், பழைய கடன் சிட்டைகளுக்கு நடுவில் கிடந்தது.

2012இல் நான் யாழ்ப்பாணம் திரும்பி வந்து கடை திறந்து இரண்டாவது வருடம். நோன்பு மாதம். லாத்தா போன் எடுத்தார். "தம்பி, ஒருக்கா கொழும்புக்குப் போய்க் காட்டவேணும். மாதம் தவறி இரத்தம் படுகுது. மச்சானிட்டச் சொல்ல வெட்கமாக் கிடக்கு. நீ வந்து கூட்டிக்கொண்டு போறியா?" என்றார். ஒரு பெண், தம்பியிடம் இதைச் சொல்ல எவ்வளவு நாள் யோசித்திருப்பார் என்று இன்று விளங்குகிறது. அன்று எனக்கு விளங்கியது கடனுக்கு எடுத்த பெருநாள் சரக்கு மட்டும்தான். "பெருநாள் முடியட்டும் லாத்தா" என்றேன். பெருநாள் முடிந்தது. பிறகு சரக்குக் கடன் தீர்க்க வேண்டியிருந்தது. பிறகு ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. லாத்தா இரண்டாம் தரம் கேட்கவில்லை. வருடக் கடைசியில் மச்சானே கூட்டிக்கொண்டு போனார்.

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய், முற்றிய நிலை. மஹரகமவில் அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். கதிர்ச் சிகிச்சைக்கு ஒரு சதம் வாங்கவில்லை. 2014இல் லாத்தா மௌத்தானார். வயது 48.

இப்போது கணக்கைப் பாருங்கள். சிகிச்சை இலவசம். ஆனால் புத்தளத்திலிருந்து மஹரகமவுக்கு வேன் கூலி, கூட நிற்பவருக்கு அறை வாடகை, சாப்பாடு, மச்சான் விட்ட லொறி ஓட்டங்கள், ஒன்றரை வருடம் பூட்டிக் கிடந்த பலசரக்குக் கடை, அந்தக் கடையில் வரவேண்டியிருந்த கடன், படிப்பைப் பாதியில் விட்டு வீட்டைப் பார்த்த கடைசி மகள். புத்தளத்தில் வாங்கிய காணியைக் கடைசியில் விற்றார்கள். இதற்கு எதிர்ப் பக்கத்தில் எழுத வேண்டியது என்ன? 2001இல் லாத்தாவுக்கு முப்பத்தைந்து வயது. அப்போது ஓர் அரை நாள். 2011இல் நாற்பத்தைந்து. இன்னோர் அரை நாள். பத்து வருட இடைவெளியில் இரண்டு அரை நாள் கடை பூட்டியிருந்தால் போதும். இந்தப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. கழுத்துப் பகுதியில் கலங்கள் மாறத் தொடங்கிப் புற்றாவதற்குப் பெரும்பாலும் பத்து வருடம், அதற்கு மேலும் எடுக்கும். அந்தக் காலத்துக்குள் பஞ்சால் துடைத்தெடுப்பதுபோல ஒரு சோதனையில் கண்டுபிடித்தால் சின்னச் சிகிச்சையோடு முடிந்துவிடும். வியாபாரத்தில் இவ்வளவு நீண்ட தவணை தரும் கடன்காரனை நாங்கள் கண்டதில்லை.

உலகக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 2023ஆம் ஆண்டில் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் உலகம் முழுவதும் சுமார் 2 இலட்சத்து 60 ஆயிரம் பேர். 2022இல் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 3½ இலட்சம் பேர். அதிகமானவர்கள் எங்களைப் போன்ற நாடுகளின் பெண்கள். பிரசவத்தைவிடப் பெரிய எமனாக ஒரு நோய் நிற்கிறது. நாங்கள் இன்னும் பிரசவத்தோடு பதிவேட்டை மூடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2030க்கு வைத்திருக்கும் இலக்கு, நூற்றுக்கு 70 பெண்களை முப்பத்தைந்து வயதிலும் மறுபடி நாற்பத்தைந்திலும் சோதிப்பது. எங்கள் நாட்டில் கிளினிக் இருக்கிறது, ஊழியர் இருக்கிறார், சோதனை இலவசம். பெண்கள்தான் இல்லை. சரக்கு நிறைந்த கடைக்குக் கஸ்டமர் வராவிட்டால் நாங்கள் கஸ்டமரைத் திட்டுவோமா? கடை திறக்கும் நேரத்தைப் பார்ப்போம், தெருவைப் பார்ப்போம்.

கிளினிக் திறப்பது கிழமை நாளில், காலையில். யாழ்ப்பாணத்துக் கடைகளில் நிற்கும் பெண்கள், தையல் மெஷினில் இருப்பவர்கள், பலசரக்குக் கடையைத் தனியாகப் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் அதுதான் வேலை நேரம். ஞாயிறு காலையில் ஒரு கிளினிக், மாதத்துக்கு ஒன்றாவது வைத்தால் என்ன? இதைச் சுகாதாரத் திணைக்களம்தான் செய்ய வேண்டும். பிரசவங்கள் குறைந்துகொண்டு வருகின்றன. 2019இல் நாடு முழுவதும் 3 இலட்சத்துக்கு மேல் பிறப்புகள் பதிவாகின. 2023இல் அது 2½ இலட்சத்துக்குக் கீழே. கர்ப்பிணிகள் குறைகிற இடத்தில் மிட்வைப்மாரின் நேரத்தில் ஒரு பகுதியை முப்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கு ஒதுக்கலாம். ஆட்பற்றாக்குறை இருப்பது தெரியும். ஆனாலும் பதிவேட்டில் ஒரு பக்கம் கூட்டி, இந்த வீட்டில் இன்னாருக்கு இந்த வருடம் முப்பத்தைந்து முடிகிறது என்று எழுதி, வாசலில் நின்று ஒரு தரம் சொல்வதே பெரிய காரியம். இலங்கைப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது ஆஸ்பத்திரிக் கட்டடம் அல்ல, வாசலில் வந்து நின்ற அந்த மிட்வைப்.

தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று தொடங்கினார்கள். பெண் தொண்டர்கள் பிரஷர் மெஷினோடும் சீனி பார்க்கும் கருவியோடும் வீடு வீடாகப் போகிறார்கள், மாத மருந்தையும் வாசலில் கொடுக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன் நாங்கள் பிரசவத்துக்குச் செய்ததை அவர்கள் பிரஷருக்கும் சீனிக்கும் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் இன்னொரு விஷயமும் எனக்குப் பிடித்தது. டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் ஏழைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பணம். 2006இல் 6,000 ரூபாவாக இருந்தது 2018இல் 18,000 ஆனது. சத்துணவுக்கும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலி இழப்புக்கும் என்று கொடுக்கிறார்கள். கூலி இழப்பு என்ற சொல்லை ஓர் அரசாங்கம் வாய் திறந்து சொன்னதே பெரிது. எங்கள் நாட்டிலும் 2018இல் உலக வங்கியிடம் 200 மில்லியன் டொலர் எடுத்து ஆரம்ப சுகாதார சேவையைப் பலப்படுத்தத் தொடங்கினார்கள். கட்டடம், கம்ப்யூட்டர், மருந்து எல்லாம் நல்லதுதான். ஆனால் வருகிற பெண்ணின் அரை நாள் சம்பளத்தை எந்தக் கடனும் கொடுக்காது. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

இதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி எங்கள் ஊழியருக்கு வருடத்துக்கு 7 நாள் அமைய விடுமுறையும் 14 நாள் வருடாந்த விடுமுறையும் சம்பளத்தோடு உரியவை. எத்தனை கடைகளில் அதைக் கொடுக்கிறோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். என் கடையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஒரே ஒரு பிள்ளையை வைத்துக் கடை நடத்துபவருக்குச் சிரமம்தான், மறுக்கவில்லை. அவருக்கும் இது பத்து வருடத்துக்கு ஒரு தரம் வருகிற அரை நாள். கரண்ட் வெட்டிய நாட்களில் நாங்கள் எத்தனை அரை நாள் சும்மா இருந்தோம்!

எங்கள் சமூகத்தில் சொல்லும் இன்னொரு காரணம் வெட்கம். நியாயமான வெட்கம்தான். ஆனால் மிட்வைப்மார் எல்லாரும் பெண்கள். கிளினிக்கில் சோதிப்பவர் பெண்ணா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகவும் முடியும். 1898இல் இணுவிலில் விளங்கிய விஷயம் இது. வெட்கத்தைக் காரணம் காட்டி வீட்டிலிருப்பவரைப் பிற்காலத்தில் ஆபரேஷன் தியேட்டரில் படுக்க வைக்கும்போது யார் சோதிக்கிறார் என்று கேட்கும் நிலையில் நாங்கள் இருப்பதில்லை. இதே நோய்க்கு 2017இலிருந்து ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பாடசாலையில் தடுப்பூசி போடுகிறார்கள். அதைப் பற்றி வட்ஸ்அப்பில் வந்த கதையை நம்பிப் படிவத்தில் கையொப்பம் வைக்காத வாப்பாமார் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அந்தக் கதைகளை அனுப்புகிறவர் லாத்தாவோடு ஒரு நாள் மஹரகம வார்டில் நின்றிருக்க வேண்டும்.

இன்று யாழ்ப்பாணத்தவர் மஹரகமவுக்கு ஓட வேண்டிய நிலை முன்புபோல இல்லை. தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் நீளம் முழுக்க நடந்து திரட்டிய பணத்தில் எழுந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று தெருவோரம் நின்ற சனமெல்லாம் போட்ட காசு அதில் உண்டு. ஆஸ்பத்திரி கட்டக் காசு கேட்டால் எங்கள் வர்த்தகர்கள் பின்நிற்பதில்லை. கல்வெட்டில் பெயர் வரும். அரை நாள் லீவுக்குக் கல்வெட்டு இல்லை, அதுதான் சிக்கல்.

அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டுப் புதன்கிழமை போகச் சொன்னேன். சம்பளம் வெட்டமாட்டேன் என்றும் சொன்னேன். அது நம்பாமல் என் மகனைப் பார்த்தது. புதன்கிழமை காலை மகனைச் சேலைப் பகுதியில் நிறுத்தினேன். அவனுக்கு மடிக்கத் தெரியாது. இரண்டு கஸ்டமர் சிரித்தார்கள், ஒருவர் வாங்காமல் போனார். ஒன்றரை மணிக்குப் பிள்ளை வந்துவிட்டது. பிரஷர் கொஞ்சம் கூட, குளிசை தேவையில்லை, உப்பைக் குறைக்கச் சொன்னார்களாம். மற்றச் சோதனையின் முடிவு சில கிழமையில் வரும்.

கடையில் இன்னும் மூன்று பெண்கள் முப்பத்தைந்து தாண்டியவர்கள். பெருநாளுக்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு புதன்கிழமை என்று கலண்டரில் குறித்திருக்கிறேன். வீட்டிலிருப்பவருக்கு வயது 52. அவர் இதுவரை ஒரு தரமும் போனதில்லை என்பது அன்று இரவு கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. சோதிப்பவர் பெண்தானா என்று முதலில் அறிந்து சொல்லும்படி கேட்டார். பணிமனைக்கு இரண்டு தரம் போன் எடுத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. நாளைக் காலை கடை திறந்து மகனிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு நேரில் போய்க் கேட்க இருக்கிறேன்.